ஈசானிய மூலைத் தகரம்

அந்தத் தகரத்தைப் பார்க்கும்வரை துளசிமணிக்குக் காது மட்டும்தான் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது; பார்த்த பிறகு வயிறும் சேர்ந்துகொண்டது. இரண்டு காதிலும் பஞ்சு, பஞ்சுக்கு மேலே முந்தானை, முந்தானைக்கு மேலே உள்ளங்கை என்று மூன்று கட்டுக் காவல் போட்டுக்கொண்டு, தன்னுடைய கோழிப்பண்ணையின் முதல் ஷெட்டில், மேற்குக் கோடியில், ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோழியை லாரி ஏற்றிப்போன பிறகு பன்னிரண்டு நாளாகக் காலியாகக் கிடந்த ஷெட். எதிரே அவள் மகன் தரணிதரன் மைக்கை விழுங்கிவிடுகிறவன் மாதிரி பிடித்துக்கொண்டு கத்தினான். அவனுக்குப் பின்னால் ஜோயல் என்கிற பிள்ளை டிரம்மை அடித்தான்; அடித்தான் என்று சும்மா சொன்னால் போதாது, அந்த டிரம் அவன் குடும்பத்தையே கெடுத்துவிட்டது என்கிற அளவுக்கு அடித்தான். முன்னால் எழுபது பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, சுண்ணாம்புப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். இதெல்லாம் பரவாயில்லை, இதற்கெல்லாம் மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் வலப்பக்கம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மேஜையின் காலடியில், வயர்களெல்லாம் ஒரு தகரத்தின்மேல் சுருண்டு கிடந்தன, அந்தத் தகரத்தின் நடுவில் ஒரு ஒடுக்கு இருந்தது. அந்த ஒடுக்கை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் மொபெட்டை விட்டு இடித்த ஒடுக்கு. அது இரண்டாவது ஷெட்டின் ஈசானிய மூலைத் தகரம்.

அது இங்கே இருக்கிறதென்றால் அங்கே என்ன இருக்கிறது? இரண்டாவது ஷெட்டில் ஒன்பது நாள் குஞ்சு மூவாயிரம் இருந்தது. குஞ்சு வளர்க்கிறவர்களுக்குப் பருந்தும் பாம்பும் பெரிய பயமில்லை, மூலைதான் பயம். எதற்காவது மிரண்டால் குஞ்சுகள் ஓடிப்போய் மூலையில் ஏறும், முதலில் போனதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும், பத்து நிமிஷம் போதும். அதனால் நாலு மூலையிலும் தகரத்தை வளைத்து நிறுத்தி, மூலை என்பதே இல்லாமல் ரவுண்டாக்கிவிட வேண்டும். ஓடி வருகிற குஞ்சு அப்படியே சுவரோடு திரும்பிப் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக அவள் மூலை மூடிக்கொண்டிருக்கிறாள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால்கூட மூலையைப் பார்த்துக் கை அரிக்கும். காலையில் அஃப்ரீன் ஓடி வந்தாள். இந்தப் பாட்டு விழாவை நடத்துகிறவள் அவள்தான், சென்னைக்காரி, தலையை ஒட்ட மழித்திருந்தாலும் நல்ல பெண், தட்டை அவளாகவே கழுவி வைத்தாள். தண்ணீர்க் குழாய் சொட்டி வயரெல்லாம் நனைகிறது, ஏதாவது தகரம் கிடைக்குமா ஆன்ட்டி என்றாள். துளசிமணி இரண்டாவது ஷெட்டுக்குப் போனாள், கைக்கு எட்டிய ஈசானிய மூலைத் தகரத்தை உருவினாள், வாசலில் நின்ற அஃப்ரீனிடம் நீட்டினாள். அதற்குப் பதிலாக அட்டையை வளைத்து வைத்துச் சணலால் கட்டிவிடலாம் என்று நினைத்தாள். நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அட்டையை எடுத்தது ஞாபகம் இருக்கிறது, மருந்துப் பாட்டில் வந்த அட்டை, பச்சை எழுத்து. சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள், அந்த ருசி இப்போதுகூட நாக்கில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து எழுபது பேருக்கு வைத்த சாதம் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, ஓடினாள். சணலுக்கும் சாதத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு போட்டாளா, இல்லையா? போட்ட மாதிரி விரல் சொன்னது. விரல் சொல்வதை நம்ப முடியாது. இருபத்திரண்டு வருஷத்து முடிச்சில் எது இன்றைய முடிச்சு என்று அதற்கு எப்படித் தெரியும்.

எல்லாம் குஞ்சு கொடுக்கிற கம்பெனிக்காரர்களால் வந்த வினை. இரண்டு ஷெட்டும் ஒன்றாகக் காலியாகும் என்று பார்த்துத்தான் தரணி தேதி வைத்தான். ஊருக்குள் எந்த மண்டபத்திலும் இவர்களை விடமாட்டார்களாம், குடிமங்கலத்துக்குத் தெற்கே சுற்றிலும் காற்றாலையைத் தவிர ஒரு வீடு இல்லாத நம்ம பண்ணைதான் தோது என்றானாம். என்றானாம் என்பது அவன் அப்பாவிடம் சொல்லி, அப்பா இவளிடம் சொன்னது. வீட்டில் அவன் மாசத்துக்குப் பத்து வார்த்தை பேசுவான், அதில் ஆறு 'ம்', இரண்டு 'சாப்டேன்', மீதி போகும்போது 'வர்றேன்'. போஸ்டரெல்லாம் போனில் போய்விட்ட பிறகு, குஞ்சு மிஞ்சிவிட்டது என்று கம்பெனி வேன் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே வந்து இரண்டாவது ஷெட்டில் கொட்டிவிட்டுப் போனது. தரணி அன்று சாயங்காலமே ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுபோய்க் குஞ்சு ஷெட்டின் விட்டத்தில் கட்டி, இதே காட்டுக்கத்தலை மெதுவாகப் போட்டுவிட்டான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். அவள் திட்டினாள், பச்சைக் குஞ்சுக்கு இதெல்லாம் கேட்க வேண்டிய வயசா என்றாள். "பழகிக்கும்" என்றான். அந்த மாசத்தின் ஏழாவது வார்த்தை. அவன் அப்பா இன்று காலை ஆறு மணிக்கே காங்கயத்தில் யாருக்கோ சீர் என்று குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், மழைக்கான அறிகுறியே இல்லை. பத்து மணிக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள், பஸ்ஸை விட்டு இறங்கி, காற்றாலைகளுக்கு நடுவே, அத்தனை வெயிலில் அத்தனை பேரும் கறுப்புச் சட்டையில், துக்கத்துக்குப் போகிறவர்கள் வழி தவறியது மாதிரி வந்தார்கள். முகம் வாடிப்போயிருந்தது. வேனிலிருந்து இறங்கும் குஞ்சுக்கு முதலில் என்ன கொடுப்பாளோ அதையே கொடுத்தாள், வெல்லத் தண்ணீர். மூக்கு, உதடு, புருவம் மூன்றிலும் வளையம் போட்ட ஒரு பிள்ளை இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தது. ஷெட் வாசலில் தட்டில் சுண்ணாம்புத்தூள் கொட்டி, எல்லோரும் இதில் மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வெளி நோவு உள்ளே போகக்கூடாது என்றாள். அவர்கள் அதை விழாவின் சடங்கு என்று எடுத்துக்கொண்டு, கறுப்பு பூட்ஸ் வெள்ளையாகிறதைப் போட்டோ எடுத்தார்கள். ஒரு பெண் திரும்ப வந்து இரண்டாம் தடவை மிதித்தாள்.

போட்டேன், முடிச்சு போட்டேன். போடாமல் எப்படி ஓடி வந்திருப்பேன், கட்டிய கை அல்லவா. ஆனால் சாப்பாடு போடும்போது இடுப்பில் ஏதோ குத்தியதே, எடுத்துப் பார்த்தால் சணல் துண்டு. கட்டியிருந்தால் சணல் இடுப்புக்கு ஏன் வருகிறது? மீதிச் சணலாக இருக்கும். மீதி அவ்வளவு நீளமா இருக்கும்? முழங்கை நீளம் இருந்ததே. துளசிமணி கிழக்கே பார்த்தாள். ஷெட்டுக்கு ஒரே வாசல், அது கிழக்குக் கோடியில். சத்தம் வெளியே போய்க் குஞ்சுகளை மிரட்டக்கூடாது என்று இரண்டு பக்கத்துக் கம்பி வலைக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கட்டச் சொன்னதும் அவள்தான், ஓட்டை இல்லாமல் கட்டச் சொன்னதும் அவள்தான். இங்கிருந்து அந்த வாசலுக்குப் போக வேண்டுமானால் எழுபது பேரும் மோதிக்கொண்டிருக்கிற இடத்தின் நடுவே போக வேண்டும், ஷெட்டின் அகலம் முழுக்க அவர்கள்தான். அதுகூடப் பெரிதில்லை. வழியா பெரிசு, நாற்காலிதான் பெரிசு. பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் தரணி இந்தச் சிவப்பு நாற்காலியை அவனே தூக்கிக்கொண்டு வந்து, துடைத்து, இங்கே போட்டு, அவளைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்து, "நீ கடைசி வரைக்கும் உக்காந்திருக்கோணும்" என்றான். முழுசாக ஒரு வாக்கியம். அவள் தலையை ஆட்டினாள். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி, மரம் வளர்ப்போம் என்று தலைப்பு. பதினொரு நாள் தீவன மூட்டைமேல் ஏறி நின்று கோழிகளுக்கு முன்னால் பேசிப் பேசிப் பார்த்தான், கோழிக்கெல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும். போட்டியன்று அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், போன் அடித்தது, கோழி பிடிக்க லாரி வந்துவிட்டது, எடை போட ஆள் வேண்டும். குனிந்துகொண்டு, சத்தமில்லாமல், யாருக்கும் தெரியாமல் எழுந்து போனாள். யாருக்கும் தெரியவில்லை, மேடையில் இருந்தவனைத் தவிர. 'ஆகவே' என்று சொல்லும்போது நாற்காலியைப் பார்த்திருக்கிறான். அப்புறம் இன்னொரு தடவை 'ஆகவே' என்றானாம். மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டு அப்படியே நின்றானாம், வாத்தியாரம்மா கைதட்டி இறக்கிவிட்டார்களாம். அவன் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. டிவியில் யாராவது ஆகவே என்றால் இன்றைக்கும் அவள் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். பேச்சு மாசத்துக்குப் பத்து வார்த்தையாகச் சுருங்கியது அதற்கப்புறம்தான், வயசுக்கு வருகிற பையன்கள் அப்படித்தான் என்று அவன் அப்பா சொல்வார், ஆனால் அவளுக்குத் தெரியும். இப்போது இன்னொரு நாற்காலி, இன்னொரு முதல் வரிசை. எழுந்தால் அவன் பார்ப்பான்.

அடுத்த பாட்டு தொடங்கியது, அல்லது அதே பாட்டுத்தான் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வந்ததோ என்னவோ, ஒரு பாட்டுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் இல்லை, நடுவில் ஒரு இருமல் இரும இடம் கிடையாது. குழுவுக்குக் 'கொடாப்பு' என்று பேர் வைத்திருந்தான், கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடைக்குத்தான் அந்தப் பேர், ஏன் வைத்தான் என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. என்ன கத்துகிறான் என்று ஒரு சொல் பிடிபடவில்லை. இத்தனை பேச்சையும் இவன் எங்கே போட்டு வைத்திருந்தான், எத்தனை வருஷத்துச் சரக்கு இது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது, அவளுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகள் வட்டமாக ஓட ஆரம்பித்தார்கள். குளிரெடுத்தால் குஞ்சு கூடும், வெக்கையெடுத்தால் விலகிப் படுத்து இறக்கையை விரித்து வாயைத் திறக்கும். இவர்கள் கூடவும் கூடினார்கள், வாயையும் திறந்திருந்தார்கள், இதற்கு என்ன வைத்தியம் என்று அவளுக்குத் தெரிந்த எந்த டாக்டரும் சொன்னதில்லை. வளையம் போட்ட பிள்ளை வழுக்கி விழுந்தது. செத்தது என்று அவள் பாதி எழுந்தேவிட்டாள். ஆனால் அந்த இடத்தில் மட்டும் ஓட்டம் நின்றது, நாலு பேர் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள், ஒருத்தி முதுகைத் தட்டினாள், ஒருத்தன் கீழே கிடந்த ஷூவைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான், உரியவன் வந்து வாங்கிக்கொண்டான், மறுபடி மோதல். அட, இவர்களுக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்களா, என்று நினைத்தாள். குஞ்சுக்கு இந்தப் புத்தி மட்டும் இருந்திருந்தால் தகரமே வேண்டாமே. குஞ்சுக்கு இல்லை. குஞ்சு அடியில் இருப்பதைத் தூக்காது, மேலேதான் ஏறும். சாயங்காலமானால் அவள் ஷெட்டுக்குள் போய், "தள்ளிப் படுங்க சாமிகளா, தள்ளித் தள்ளிப் படுங்க" என்று ஒரு சுற்றுச் சொல்லிவிட்டு வருவாள். தரணி சின்ன வயசில் அங்கேதான் வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான், அவள் சொல்கிறதைப் பார்த்து, ஏம்மா அதுக்குப் புரியுமா என்று கேட்பான். அப்போதெல்லாம் கேட்பான்.

வீட்டுக்காரருக்குப் போன் போடலாம். போட்டால் காங்கயத்திலிருந்து அவர் என்ன செய்துவிடுவார், நான் அப்பவே சொன்னேன் என்பார். அவர் எதையும் அப்பவே சொன்னதில்லை. அஃப்ரீனைக் கூப்பிடலாம், அவள் அந்தக் கும்பலுக்குள் எங்கேயோ, மொட்டைத்தலை அவ்வப்போது மேலே வந்துவிட்டு முழுகியது. எத்தனை பாட்டு ஆச்சு? ஐந்தா, ஆறா? அப்படியானால் ஏழு நிமிஷம். பத்து நிமிஷம் போதும் என்று அவளே யாருக்கோ சொல்லியிருக்கிறாள், பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு, விரலை நீட்டி நீட்டி. முதல் அடியிலேயே மிரண்டிருந்தால் இன்னேரம் நாலாவது அடுக்கு ஏறியிருக்கும். இல்லை, கட்டினேன். பச்சை எழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். கீழே தெரிகிற மாதிரியா? பச்சை எழுத்து எந்தப் பக்கம் என்றே தெரியாதபோது கட்டியதை மட்டும் எப்படி நம்புவது. அவள் தகரத்தைப் பார்த்தாள், தகரத்தின் ஒடுக்கு அவளைப் பார்த்தது. தரணியைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான், நல்லவேளை. கண்ணைத் திறந்தபோது நேராக நாற்காலியைத்தான் பார்த்தான், இருக்கிறாளா என்று. இருக்கிறேன் சாமி, இருக்கிறேன். மூவாயிரம் உயிருக்கு ஒரு 'ஆகவே'யா. ஒரு 'ஆகவே'க்கு மூவாயிரம் உயிரா. எந்தப் பக்கம் நிறுத்தினாலும் தராசு அவள் நெஞ்சிலேயே இடித்தது. அந்தத் தடவை லாரிக்காரன் கூப்பிட்டான் என்று போனாள், போகாவிட்டால் லாரி நின்றிருக்கும், அவ்வளவுதான், ஒன்றும் செத்திருக்காது. அது தப்பு, அதை இன்றைக்கு ஒத்துக்கொள்கிறாள். இது அப்படியில்லை. குஞ்சு நிற்காது. இந்தத் தடவை அவள் குனியவில்லை. போன தடவை குனிந்துகொண்டு திருட்டுத்தனமாகப் போனதுதான் பெரிய தப்பு என்று திடீரென்று தோன்றியது. நன்றாக நிமிர்ந்து எழுந்தாள், தரணி பார்க்கிற நேரமாகப் பார்த்து எழுந்தாள், கிழக்கே கையைக் காட்டினாள், இரண்டு உள்ளங்கையையும் குவித்துக் குஞ்சு என்று காட்டினாள். அவன் கத்துவதை நிறுத்தவில்லை. அவனுக்குப் புரிந்ததா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, முகம் முழுக்க வாயாக இருந்தது.

கோழி நிறைந்த ஷெட்டுக்குள் காலைத் தூக்கி வைத்து நடக்கக்கூடாது, மிதிபட்டுவிடும். பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்து, கையைத் தாழ்த்தி விரித்து, நாக்கால் மெல்ல 'ச்சு ச்சு' என்று சொல்லிக்கொண்டே போனால் கூட்டம் தானாக விலகி, பின்னாலேயே மூடிக்கொள்ளும். துளசிமணிக்கு நிறைந்த ஷெட்டுக்குள் நடக்க வேறு நடை தெரியாது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே இறங்கினாள். முதல் இரண்டு பேர் முதுகால் வந்து மோதப் போனவர்கள், 'ச்சு ச்சு' கேட்டதோ கையைப் பார்த்தார்களோ, இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அடுத்தது ஒதுங்கியது. ஓட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடியது, ஒரு விரல்கூட அவள்மேல் படவில்லை. பாதி தூரம் வந்த பிறகு ஏதோ பின்னால் சரசரக்கிறதே என்று திரும்பினால், வளையம் போட்ட பிள்ளை அவளைப் போலவே காலை இழுத்துக்கொண்டு, கையைத் தாழ்த்தி விரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் அஃப்ரீன். அஃப்ரீன் பின்னால் இருபது, முப்பது பேர், வரிசையாக, ரொம்ப பக்தியோடு, சுண்ணாம்புத் தரையில் கோடு விழக் காலை இழுத்தார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் கலந்துகொண்டது, ஆனால் நிற்க நேரமில்லை. வாசலில் பழக்கதோஷத்தில் சுண்ணாம்புத் தட்டில் இரண்டு காலையும் மிதித்தாள். பின்னால் வந்ததுகளும் ஒவ்வொன்றாக மிதிக்கத் தொடங்கின. அவள் திரும்பி, "கண்ணுகளா, இதுக்கு மேல வராதீங்க, குஞ்சு இருக்குது" என்றாள். முப்பது பேரும் அங்கேயே நின்றார்கள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. காற்றாலை அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நூற்றைம்பது அடியை ஐம்பத்தோரு வயசில் அவள் ஓடினாள், செருப்பு ஒன்று வழியில் கழன்றுவிட்டது, போகட்டும். செத்திருந்தால் எத்தனை செத்திருக்கும், எந்தக் குழியில் போடுவது, கம்பெனி சூப்பர்வைசர் கேட்டால் என்ன சொல்வது, கேட்டால் கேட்கட்டும், அந்த அடியில் கிடந்த குஞ்சு கேட்டால் என்ன சொல்வது. கதவைத் திறந்தாள். மூவாயிரமும் ஷெட் முழுக்கப் பரவிக் கிடந்தன. பாதி தீவனம் தின்றது, பாதி காலை நீட்டிப் படுத்துத் தூங்கியது. விட்டத்தில் தரணியின் சின்ன ஸ்பீக்கர் இதே கத்தலைக் கத்திக்கொண்டிருந்தது, ஒன்பது நாளாகக் கேட்ட அதே தாலாட்டு, ஒரு குஞ்சும் தலையைத் தூக்கவில்லை. அவள் பாதத்தை இழுத்து இழுத்து ஈசானிய மூலைக்குப் போனாள். அங்கே மூலை இல்லை. கறுப்பாக, ரவுண்டாக ஒரு டிரம் பெட்டி உட்கார்ந்திருந்தது. மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் ஜோயல் ஒவ்வொருவரிடமும், என் டிரம் பொட்டியப் பாத்தியா, என் டிரம் பொட்டியப் பாத்தியா என்று கேட்டுக்கொண்டே வந்தானே, தரணி தலை நிமிராமல் எங்கயும் போவாது என்றானே, அந்தப் பெட்டி. வெளிப் பொருள் குஞ்சிடம் வருகிறதென்று அதன்மேல் முழுக்கச் சுண்ணாம்பு தூவியிருந்தது. பெட்டிக்கு இரண்டு பக்கமும் விழுந்த சந்தில் பச்சை எழுத்து அட்டையை வளைத்துச் செருகி, சணலால் கம்பி வலையோடு கட்டியிருந்தது. முடிச்சு அவளுடையது இல்லை. ஷூ லேஸ் முடிச்சு, இரண்டு காதோடு. எட்டுப் பத்துக் குஞ்சுகள் பெட்டியில் சாய்ந்து தூங்கின. அவள் கட்டவில்லை, மறந்துதான் போயிருக்கிறாள். அவள் மறந்ததை அவன் பார்த்திருக்கிறான், பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல், மூடிவிட்டுப் போயிருக்கிறான். கோழி மூஞ்சியைக்கூடப் பார்க்கமாட்டான் இந்தப் பையன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். துளசிமணி அந்த லேஸ் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதாள், குஞ்சுகளுக்குத் தொந்தரவு இல்லாமல். அப்புறம் காதிலிருந்த பஞ்சை எடுத்து மூக்கைத் துடைத்தாள். பஞ்சை எடுத்த பிறகுதான் அந்தப் பக்கத்திலிருந்து எழுபது பேரும் சேர்ந்து கத்துகிற இரண்டு சொல் தெளிவாகக் கேட்டது. தள்ளிப் படு. தள்ளிப் படு. தள்ளித் தள்ளிப் படு.

அவள் வழியில் கழன்ற செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது பாட்டு முடிந்திருந்தது. வாசலில் சுண்ணாம்பை மிதித்தாள். எழுபது பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். அந்தக் கோடியில் தரணி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான், பக்கத்தில் சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலும், இத்தனை நேரம் கத்திய கத்தலில் உடைந்துபோன குரல், சின்னதாக வந்தது.

"மா... குஞ்செல்லாம்?"

அத்தனை தூரத்திலிருந்து தலையை ஆட்டினால் அவனுக்குத் தெரியாது. துளசிமணி வாழ்க்கையில் யாரையும் பார்த்து அப்படிக் கத்தியதில்லை, லாரிக்காரனைக்கூட. "எல்லாம் தள்ளித் தள்ளித்தான் படுத்திருக்குது சாமி" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். ஷெட் அதிர்ந்தது. எழுபது பேரும் கத்தினார்கள், வளையம் போட்ட பிள்ளை எகிறிக் குதித்தது, எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. சத்தம் கொஞ்சம் அடங்கியதும், டிரம்முக்குப் பின்னாலிருந்து ஜோயல் எழுந்து நின்று, ஆன்ட்டி, அங்க என் பொட்டி ஏதாச்சும் பாத்தீங்களா என்று கேட்டான். அவள் நடந்துகொண்டே, அது குஞ்சுகூட இருக்குது கண்ணு, அதுல சாஞ்சு எட்டுப் பத்து தூங்குது, ஒரு வாரம் கழிச்சு நீயே வந்து எடுத்துக்க, வந்தா சாப்பிட்டுட்டுத்தான் போகோணும் என்றாள். ஜோயல் தரணியைப் பார்த்தான். தரணி மைக்கின் வயரைப் பார்த்தான். இந்தத் தடவை அவள் காலை இழுக்கவில்லை, பிள்ளைகள் அவர்களாகவே நடுவில் வழிவிட்டு நின்றார்கள். போய் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து உதறினாள். காது இரண்டும் திறந்திருந்தன. மகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், எட்டாம் வகுப்பு மேடையில் எப்படி நின்றிருப்பான் என்று அவள் பார்க்காத அந்த முகம் இதுவாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ம். சொல்லு சாமி" என்றாள். "ஆகவே?"

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். அப்புறம் புரிந்தது. மைக்கைத் தாழ்த்தி, பல் தெரியச் சிரித்தான், கண்ணைப் புறங்கையால் ஒரு தடவை துடைத்தான், வேர்வையாகவும் இருக்கலாம். ஜோயல் குச்சியால் நாலு தட்டுத் தட்டினான். "ஆகவே" என்று தரணிதரன் அலறினான், காற்றாலைக்காரர்களுக்கே கேட்டிருக்கும், அதற்கு மேல் என்ன சொன்னான் என்று துளசிமணிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.